மஞ்ச டோக்கன்

போன மாசம் ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருந்து போன் வந்துச்சு. பழைய பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம். "அம்மா, உங்க லேப் அலமாரிக்குப் பின்னாடி ரெண்டு பிஸ்கட் டப்பா கிடக்கு. உள்ள வெறும் தகரம்தான். தூக்கிப் போட்டுடவா?"ன்னு கேட்டான் ஸ்டோர்க்காரன். தூக்கிப் போடுறானாம்ல! "கையை வெச்சுப் பாரு, தெரியும்"னு கத்திட்டு, முட்டி வலியையும் பாக்காம ஆட்டோ புடிச்சு ஓடினேன்.

அவன் மேஜை மேல கொட்டி எண்ணி வெச்சிருந்தான். வெள்ளைப் பெயின்ட் அடிச்ச தகர வட்டம் அறுபது. மஞ்சப் பெயின்ட் அடிச்சது ஐம்பத்தொன்பது. "மஞ்சள்ல ஒண்ணாம் நம்பர் தொலைஞ்சு போச்சும்மா"ன்னான். தொலையலடா மடையா, அது போன கதை உனக்குத் தெரியாதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, ரெண்டு டப்பாவையும் மடியில வெச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் தகரம் கலகலன்னு சத்தம் போட்டுச்சு. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. எனக்குக் கண்ணுல தண்ணி.

நான் அந்த ஆஸ்பத்திரி லேப்ல முப்பத்தொரு வருஷம் ரத்தம் எடுத்தவ. எல்லாரும் "ஊசியம்மா"ன்னு கூப்பிடுவாங்க. ஊசி குத்துறதுக்காக மட்டும் அந்தப் பேரு இல்ல, நாக்குக்கும் சேத்துத்தான்னு எனக்கே தெரியும். ஆனா இது என்னைப் பத்தின கதை இல்ல. அந்தத் தகரத்துக்குப் பெயின்ட் அடிச்ச மனுஷனைப் பத்தினது. எழுதட்டுமான்னு அவரைக் கேட்டேன். "எழுதுங்க ஊசியம்மா. ஆனா என்னைக் கொஞ்சம் அழகா எழுதுங்க"ன்னாரு. அது மட்டும் நடக்காது.

அவரு எங்க ஆஸ்பத்திரி வண்டி ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டவரு. கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் தகரக் கூரை போட்ட ஸ்டாண்டு. வலது பக்கம் கர்ப்பிணிங்க உக்கார்ற வராண்டா. வராண்டா முடியுற இடத்துல நாலாம் நம்பர் ரூம், அதை ஒட்டி என் லேப். என் லேப்புக்கு ரெண்டு ஜன்னல். ஒண்ணு ஸ்டாண்டைப் பாக்கும், இன்னொண்ணு நாலாம் நம்பர் ரூமுக்குள்ள திறக்கும். ரத்தக் குழாயை வாங்குறதுக்காக வெச்ச ஜன்னல் அது. நான் ஒட்டுக் கேக்குற ஜாதி இல்ல, ஆனா ஜன்னல் அப்படி அமைஞ்சா நான் என்ன செய்ய?

நாலாம் நம்பர்ல டீச்சரம்மா. முன்னாடி பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவங்க, அப்புறம் பயிற்சி எடுத்துக்கிட்டு ஆலோசகரா வந்தாங்க. அவங்க மேஜைக்கு எதிர்ல எப்பவும் ரெண்டு நாற்காலி. ஒண்ணு கர்ப்பிணிக்கு, ஒண்ணு புருஷனுக்கு. எச்.ஐ.வின்னா என்ன, எப்படி வருது, தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு எப்படிப் போகுது, முன்கூட்டியே தெரிஞ்சா மாத்திரை குடுத்து அதை எப்படித் தடுக்கலாம்னு பொறுமையாச் சொல்லுவாங்க. சொல்லி முடிச்சிட்டு, ரெண்டு பேரும் ரத்தம் குடுக்குறீங்களான்னு கேப்பாங்க. பிரச்சினை என்னன்னா, ரெண்டாவது நாற்காலியில ஆளே உக்கார மாட்டான்.

"புருஷன் வரலையாம்மா?"ன்னு கேப்பாங்க டீச்சரம்மா.

"வந்திருக்காரு மேடம். வெளிய நிக்கிறாரு."

"வெளிய நின்னு என்ன பண்றாரு?"

"வண்டியப் பாத்துக்கிறாரு."

எனக்குப் பத்திக்கிட்டு வரும். வண்டியப் பாத்துக்கத்தான் ஒரு ஆளைப் போட்டு வெச்சிருக்கே! இந்த மகராசனுங்க வண்டிய விட்டதும் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போயி, பேப்பர்ல நாலாம் பக்கம் வரைக்கும் படிச்சிட்டு, பொண்டாட்டி வெளிய வர்றப்ப கரெக்டா வண்டி மேல உக்காந்திருப்பானுங்க.

ஒரு நாள் பதினோரு மணி டீயை ஜன்னல் வழியா வாங்கிக் குடிச்சிக்கிட்டே டீச்சரம்மா இதைச் சொல்லிப் புலம்பினாங்க. ஸ்டாண்டுக்காரரும் அந்தப் பக்கம் நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. பேச்சுக்கு ராஜா, அன்னிக்கு மட்டும் ஊமை. அடுத்த வாரம் பாத்தா, கையில ஒரு பிஸ்கட் டப்பா. அறுபது தகர வட்டத்துக்கும் மஞ்சப் பெயின்ட் அடிச்சு, நம்பர் எழுதிக் கொண்டு வந்திருக்காரு.

அவர் போட்ட சட்டம் இதுதான். வண்டிய விட்டா வெள்ளை டோக்கன். அந்த வெள்ளையை நாலாம் நம்பர் ரூம்ல குடுத்தா, டீச்சரம்மா பேசி முடிச்சிட்டு அதே நம்பர்ல மஞ்ச டோக்கன் குடுப்பாங்க. மஞ்சளைக் காட்டினாத்தான் வண்டி வெளிய போகும். டாக்டரம்மா முதல்ல பயந்தாங்க, யாரையும் கட்டாயப்படுத்திச் சோதனை பண்ணக் கூடாதேன்னு. டீச்சரம்மா தெளிவாச் சொல்லிட்டாங்க: மஞ்ச டோக்கன் உக்காந்து கேட்டதுக்கு மட்டும். ரத்தம் குடுக்குறதும் குடுக்காததும் அவங்கவங்க இஷ்டம். குடுத்தவனுக்கும் மஞ்சள், குடுக்காதவனுக்கும் மஞ்சள். டோக்கனைப் பாத்து எவனும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா உக்காந்து கேட்டவங்கள்ல முக்காவாசிப் பேரு கையை நீட்டிட்டுத்தான் எந்திரிச்சாங்க.

அடேயப்பா, அந்த நாலு வருஷம் ஸ்டாண்டுல தினம் நடந்த கூத்து இருக்கே! இஸ்திரி போட்ட சட்டை, கையில சாவிக் கொத்தோட ஒரு ஆளு வந்து குதிச்சாரு. "நான் யாரு தெரியுமா?"

"தெரியும் சார். இருபத்திமூணாம் நம்பர்"னாரு நம்ம ஆளு.

இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். "எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்? பிள்ளை பெத்துக்கப் போறது அவதானே?"

"அப்படியா? அந்தப் பிள்ளைக்கு நீங்க பக்கத்து வீட்டுக்காரரா சார்?"

வராண்டாவுல உக்காந்திருந்த கர்ப்பிணிங்க அத்தனை பேரும் வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புச் சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு. பினாயில் வாசனை, தகரக் கூரையில மழை விழுற சத்தம், ஜன்னல்ல ஆவி பறக்குற டீ, வெளிய இவரோட தொண்டை. டீச்சரம்மா பேசுறதை ஜன்னல் வழியாக் கேட்டுக் கேட்டு இவருக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வண்டிய நிறுத்துறவன் காதுக்குள்ள ஓதுவாரு: "தொட்டா ஒட்டாது சார். ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது. கொசு கடிச்சாலும் வராது. ரத்தத்துல வரும், ஊசியில வரும், சேர்க்கையில வரும், தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். பிள்ளைக்கு வர்றதைத் தடுக்கலாம். ஆனா தெரிஞ்சாத்தான் தடுக்கலாம். போங்க, நாலாம் நம்பர்." இப்பப் புதுக் கட்டடத்துல பூமிக்கு அடியில வண்டி நிறுத்துறாங்க. மிஷின் சீட்டுத் துப்புது. அதுகிட்ட யாரு சண்டை போடுறது?

இவருக்குக் கல்யாணம் நடந்ததே நாப்பதுக்குப் பக்கத்துலதான். அதுக்கு முன்னாடி தூர ஊர்களுக்கு லாரி ஓட்டினவரு. ஒரு விபத்துல முட்டி போயிடுச்சு. அதனாலதான் ஸ்டாண்டுக்கு வந்தாரு. பொண்டாட்டி தையல்காரி. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல ஒரே ஒரு மிஷின் போட்டுத் தைச்சிக்கிட்டு இருந்தா. பிறந்த பிள்ளைங்களைச் சுத்துற பருத்தித் துணியெல்லாம் அவ ஓரம் அடிச்சுக் குடுத்ததுதான். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல அவ உண்டானா. ஆஸ்பத்திரியே அவளுக்குத் தாய்வீடு மாதிரி ஆயிடுச்சு. ஆயாவுல இருந்து டாக்டரம்மா வரைக்கும் எல்லாரும் அவளை விசாரிச்சாங்க.

இங்கதான் நான் செஞ்ச தப்பு வருது. மூணாம் மாசம், பேரு பதியுற நாளு. அன்னிக்கு டீச்சரம்மா ரூம்ல கூட்டம் நெரியுது. "நம்ம பொண்ணுதானே, நேரா லேப்புக்குப் போம்மா. அப்புறம் பேசிக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. ஸ்டாண்டு ஜன்னல் வழியா இவரு எட்டிப் பாத்து, "ஊசியம்மா, நம்ம வீட்டுக்காரிக்கு வலிக்காமக் குத்துங்க"ன்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே குத்தினேன். நோட்டுல ரெண்டு கட்டம் உண்டு. ஒண்ணு மனைவிக்கு, ஒண்ணு கணவனுக்கு. கணவன் கட்டத்துல நான் என்ன எழுதினேன் தெரியுமா? "ஸ்டாஃப்". அவ்வளவுதான். தினம் கூட நின்னு டீ குடிக்கிற மனுஷன்கிட்டப் போயி, உனக்கு எச்.ஐ.வி இருக்கான்னு பாக்கணும், கையை நீட்டுன்னு எப்படிக் கேக்குறது? கூச்சமா இருந்துச்சு. டீச்சரம்மா கேட்டிருப்பாங்கன்னு நான் விட்டுட்டேன். நான் எடுத்திருப்பேன்னு அவங்க விட்டுட்டாங்க. ஊரான் புருஷன் அத்தனை பேரையும் சல்லடை போட்டுச் சலிச்ச எங்க ரெண்டு பேரு கண்ணுலயும் எங்க மூக்குக்கு முன்னாடி நின்ன ஆளு படல.

அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டோம், மறந்துட்டோம்.

ஏழாம் மாசம். வருஷக் கடைசி அறிக்கைக்காக நோட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். ரத்தம் குடுக்காத புருஷன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம் எழுதியிருக்கு. வெளியூர்ல வேலை, விருப்பமில்லை, அப்புறம் வர்றேன்னாரு. நடுவுல ஒரே ஒரு வரி, "ஸ்டாஃப்". என் கையெழுத்து. பாத்ததும் எனக்கு என் மேலயே ஆத்திரம். ஜன்னலைத் திறந்து, "அண்ணே, உள்ள வாங்க. ரெண்டு சொட்டு ரத்தம் வேணும்"னேன்.

"இன்னிக்குக் கூட்டம் ஊசியம்மா. நாளைக்கு."

மறுநாள் கேட்டா சளியாம். அதுக்கு மறுநாள், "வெறும் வயித்துல வரலையே"ன்னாரு.

"வெறும் வயிறு வேணாம் அண்ணே."

"ஐயோ, அப்ப சாப்பிட்டும் வரலையே."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இந்தச் சாக்கு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். ஆயிரம் புருஷன் இவர்கிட்டச் சொன்னது, இவரே கிழிச்சுத் தொங்க விட்டது. எதுக்கும் பயப்படாத ஆளு சாக்குச் சொல்ல மாட்டான்.

இவர் வர்றது ஒரு பழைய சைக்கிள்ல. ஸ்டாண்டு ஓரத்துல, டோக்கன் இல்லாம நிக்கும். ஒண்ணாம் நம்பரை எந்த வண்டிக்கும் குடுக்க மாட்டாரு, அவசரத்துக்கு இருக்கட்டும்னு எடுத்து வெச்சிருப்பாரு. நாலாம் நாள் காலையில நான் இறங்கிப் போயி, அந்தச் சைக்கிளைப் பூட்டி, சாவியை என் கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, ஒண்ணாம் நம்பர் வெள்ளை டோக்கனை அவர் கையில வெச்சேன்.

"மஞ்சளைக் கொண்டு வாங்க. சாவியைத் தர்றேன்."

"விளையாடாதீங்க ஊசியம்மா."

"நான் யாரோடயும் விளையாடுறதில்ல. சட்டம் யாரு போட்டது? நீங்கதானே?"

முகத்துல ஈயாடல. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. வண்டிங்க வந்து நின்னுச்சு, அவர் டோக்கன் குடுக்கல. நானே நாலு பேருக்குக் குடுத்து அனுப்பினேன். அப்புறம் மெதுவாச் சொன்னாரு. லாரியில போன காலத்துல புத்தி கெட்டுத் திரிஞ்சிருக்காரு. கூட ஓட்டினவரு ஒருத்தரு மெலிஞ்சு மெலிஞ்சு, என்ன சீக்குன்னு வீட்டுல வெளிய சொல்லாமலே செத்துப் போனாராம். அன்னியில இருந்து இவருக்குள்ள ஒரு பயம்.

"எனக்கு இருக்குன்னும் தெரியாது. இல்லன்னும் தெரியாது. தெரியாமலே இருந்துடலாம்னு பாத்தேன்."

"அடப்பாவி மனுஷா, அப்புறம் எதுக்கு ஊரையே உள்ள தள்ளினீங்க?"

"எனக்குத்தான் அந்தக் கதவுக்குள்ள போகத் தைரியம் இல்ல. மத்தவனாவது போகட்டும்னுதான்."

திட்டினேன். வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கிட்டே அழுதேன், வெக்கமா இருந்துச்சு. பொண்டாட்டி வயித்துல பிள்ளையோட ஏழு மாசம், அந்த ஏழு மாசமும் இந்த மனுஷன் எங்களைச் சிரிக்க வெச்சிக்கிட்டு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்திருக்காரு. மூணாம் மாசமே நான் வாயைத் திறந்து கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

அவர் நாலாம் நம்பர் ரூமுக்குள்ள போனாரு. ரெண்டு நாற்காலியில ஒண்ணுல தனியா உக்காந்தாரு. இருபது நிமிஷம் கழிச்சு, மஞ்ச டோக்கனோட என் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினாரு. நான் எடுத்தேன். ரெண்டு கோடு, நோய் இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது சோதனைக் கிட்டுல பாத்தேன், மூணாவதுலயும் பாத்தேன். அதேதான். டீச்சரம்மா அவருக்குச் சொன்னாங்க. அவர் தன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

"அவளுக்கு?" ஒரே வார்த்தைதான் கேட்டாரு.

அவளோட பழைய முடிவு நாலு மாசத்துக்கு முந்தினது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? திரும்பச் சோதிக்கணும். அதுக்கு அவளுக்கு விஷயம் தெரியணும். "நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன்"னாங்க டீச்சரம்மா. நான் பேசாம சைக்கிள் சாவியைக் குடுத்துட்டேன். டோக்கனைத் திரும்ப வாங்கணும்னு எனக்கும் தோணல, அவருக்கும் தோணல.

மறுநாள் காலையில ரெண்டு நாற்காலியிலயும் ஆளு. அவர் சொல்லி முடிச்சாரு. எப்பவும் "என்னங்க"ன்னு கூப்பிடுறவ, அன்னிக்குத்தான் முதல் தடவையா நீன்னு பேசினா.

"ஊர்ல இருக்கிற புருஷனையெல்லாம் உள்ள அனுப்புனியே. உன்னை அனுப்ப ஒரு ஆளு இல்லாமப் போச்சா?"

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் தலை குனிஞ்சு நின்னேன்.

எந்திரிச்சு லேப்புக்கு வந்தா. முக்காலியில உக்காந்து கையை மேஜை மேல வெச்சா. எத்தனை ஆயிரம் கையைக் குத்தியிருப்பேன்! அன்னிக்கு ஊசி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.

"அக்கா, உங்க கை நடுங்குது. வேணும்னா ஊசியை நான் புடிக்கட்டுமா? எனக்குப் பழக்கம்தான்"னா.

கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு, அந்த நிலையிலயும் இப்படி ஒரு பேச்சு! என்னால தாங்க முடியல. "தப்பு என் மேலயும் இருக்கும்மா. மூணாம் மாசமே அவரைக் கேட்டிருக்கணும். ஸ்டாஃப்னு எழுதித் தள்ளிட்டேன்"னு போட்டு உடைச்சேன்.

"உங்களை அப்புறமா உக்காந்து திட்டுறேன் அக்கா. முதல்ல பாருங்க. எம் பிள்ளை இருக்கு உள்ள."

அரை மணி நேரம். கடிகாரத்தை நான் பாக்கல, அவளும் பாக்கல. அவ வயித்துல கையை வெச்சிக்கிட்டு, மேஜை விரிப்போட பிரிஞ்ச ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. "யாருக்கா இதைத் தைச்சது? இழு இழுன்னு இழுத்து வெச்சிருக்காங்க"ன்னா. ஒரு கோடுதான் வந்துச்சு. ஒரே ஒரு கோடு. இல்ல! அவளுக்கு இல்ல! எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு.

டீச்சரம்மா கத்த விடல. சமீபத்துல ஒட்டியிருந்தா இப்பவே ரத்தத்துல காட்டாதாம், சில வாரம் ஒளிஞ்சிருக்குமாம். ஒன்பதாம் மாசம் திரும்பப் பாக்கணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஆணுறை இல்லாமச் சேரவே கூடாது. அவருக்கு அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாங்க, மாத்திரை ஆரம்பிக்க. ஒருவேளை அவளுக்கு வந்தா அவளுக்கும் மாத்திரை உண்டு, பிள்ளைக்கும் மருந்து உண்டு, பயப்படாதேன்னு ஒண்ணு விடாமச் சொன்னாங்க. பயப்படாதேன்னு சொல்லிட்டா பயம் போயிடுமா? அந்த ரெண்டு மாசத்தை நான் எப்படிக் கழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அவ எப்படிக் கழிச்சாளோ!

பதினோரு நாள் அவரோட பேசல. தட்டை டொங்குன்னு முன்னாடி வெச்சிட்டுப் போவாளாம். ஆனா தட்டை மாத்தல. எப்பவும் அவர் சாப்பிடுற அதே தட்டு. அதைச் சொல்லும்போதுதான் இவர் உடைஞ்சு அழுதாரு, ஸ்டாண்டுல, முப்பத்தேழாம் நம்பர் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. வேலையை விட்டுடுறேன்னாரு. "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இனிமே ஒருத்தனை உள்ள போன்னு சொல்லுவேன்?"

அன்னிக்குச் சாயங்காலம் அவ அந்தப் பதினோரு நாள் மௌனத்தை உடைச்சாளாம். "ஒழுங்கா வேலைக்குப் போங்க. அந்த வேலையைப் பாக்க இப்பத்தான் உங்களுக்கு யோக்கியதை வந்திருக்கு." 'நீங்க' திரும்பி வந்ததே அவருக்குப் போதுமா இருந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை. மிஷினை நிறுத்திட்டு, கடிகாரத்தைக் காட்டி, தண்ணி டம்ளரை அவதான் எடுத்து வெப்பா. கோவம் தீர்ந்துடுச்சான்னு ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் தீரல அக்கா. அது ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திரை தவறக் கூடாதுல்ல"ன்னா.

அந்த ரெண்டு மாசம் ஸ்டாண்டுல இவர் கத்தல. வண்டிய நிறுத்துறவன் பக்கத்துல போயி, சின்னக் குரல்ல, "போயி உக்காருங்க தம்பி. பயமாத்தான் இருக்கும். தெரிஞ்சுக்கிட்டா நல்லது"ன்னாரு. அதுக்கு யாரும் எதிர்த்துப் பேசல. எனக்கு அந்தப் பழைய சத்தம் இல்லாம என்னவோ போல இருந்துச்சு.

ஒன்பதாம் மாசம் எடுத்தேன். ஒரு கோடு. பிரசவ வலி வந்த அன்னிக்குக் காலையில டாக்டரம்மா இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாங்க. அவ வலியில என் தோளைப் புடிச்சிக்கிட்டு இருந்தா. நான் ஒத்தைக் கையால கிட்டைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். ஒரு கோடு. "இல்லம்மா, உனக்கு இல்ல, உம் பிள்ளைக்கும் பயமில்ல"ன்னு சொன்னேன். அவ அந்த வலியிலயும், "அப்ப இப்பத் திட்டட்டுமா உங்களை?"ன்னா. திட்டும்மா தாயே, நல்லாத் திட்டுன்னேன். திட்டுறதுக்குள்ள அடுத்த வலி வந்துடுச்சு.

பத்தரை மணிக்குப் பொம்பளப் பிள்ளை. மூணு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். அழுத அழுகையில என் லேப்புக் கண்ணாடிக் குழாயெல்லாம் அதிர்ந்துச்சு. அவளே ஓரம் அடிச்ச துணியிலதான் சுத்தினோம்.

இவரைக் கூப்பிட்டோம். வந்தாரு. வார்டு வாசப்படியிலயே நின்னுட்டாரு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாடி. நர்ஸு பிள்ளையை நீட்டினா. "வேணாம், வேணாம். நான் இங்கயே நின்னு பாத்துக்கிறேன்"னு பின்னாடி போறாரு. நாலு வருஷம் தொட்டா ஒட்டாது, தொட்டா ஒட்டாதுன்னு ஊர்க் காதையெல்லாம் ஓட்டை போட்ட மனுஷன், சொந்தப் பிள்ளையைத் தொடப் பயந்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதுக்குள்ள கட்டில்ல இருந்து அவ குரல் வந்துச்சு. களைச்சுப் போன குரல்.

"யாருங்க அது வாசல்ல? மஞ்ச டோக்கன் இருக்கா?"

அவருக்கு முதல்ல புரியல. திருதிருன்னு முழிச்சாரு.

"இருக்கான்னு கேட்டேன். இல்லாம இங்க எதையும் தர்றதில்ல. சட்டம்னா சட்டம்தான்."

முதுகுக்குப் பின்னாடி இருந்த கை மெல்ல முன்னாடி வந்துச்சு. சட்டைப் பாக்கெட்ல துழாவினாரு. ரெண்டு மாசமா சட்டைக்குச் சட்டை மாத்தி மாத்தி வெச்சிருந்திருக்காரு போல. பெயின்ட் ஓரத்துல உதிர்ந்து போயிருந்துச்சு. கட்டில் பக்கம் போயி, அந்த ஒண்ணாம் நம்பரை அவ உள்ளங்கையில வெச்சாரு. அவ அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, நம்பரைச் சரி பாக்குற மாதிரி. அப்புறம் கையை மூடிக்கிட்டா.

"சரியா இருக்கு. உங்க பிள்ளையை வாங்கிக்கங்க"ன்னா. "ஒத்தைக் கையால இல்லைங்க. ரெண்டு கையாலயும்."

வாங்கினாரு.